குளத்துல தண்ணி எவ்வளவு கிடக்கு?

குளிர்காலப் பறவைகளைப் பார்க்கக் குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தக் குளத்துக்குப் போகணும்?" என்றுதான். சுசீந்திரமா, தேரூரா, மணக்குடியா, வேம்பனூரா? நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. அந்த வாரம் எந்தக் குளத்தில் தண்ணி எவ்வளவு கிடக்கிறது என்று தெரியாமல் பெயரைச் சொல்லி அனுப்பினால், போன மாதம் ஆயிரம் பறவை நின்ற இடத்தில் நாலு நீர்க்காகத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டுவார்கள்.

ஜனவரியிலும் ராத்திரி ஃபேன் ஓடுகிற ஊரில் 'குளிர்காலம்' என்பது ஒரு மரியாதைக்குச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் பறவைகளுக்கு இங்கே குளிர் இல்லாததுதான் வேண்டியது. வடக்கே, மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் ஏரிகள் உறைந்துபோகிற நாட்களில் இந்தத் தென்முனை வரை இறங்கி வருகின்றன. எல்லாம் ஒன்றாக வந்து ஒன்றாகப் போவதும் இல்லை. கரையோரச் சேற்றில் மேய்கிற உள்ளான் வகைகள் ஆவணியிலேயே தலைகாட்டிவிடும். குளத்துப் படித்துறையில் ஒற்றையாக வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிற சாம்பல் பழுப்புக் குருவி, நெஞ்சின் வெள்ளை தோள்பக்கம் ஏறி ஒரு ஆப்பு மாதிரி தெரிந்தால், அது வெறும் 'உள்ளான்' என்றே பெயருள்ள வகை. அது வந்துவிட்டால் எனக்குப் பருவம் தொடங்கிவிட்டது. தகைவிலானும் மஞ்சள் வாலாட்டியும் புரட்டாசி, ஐப்பசியில். வாத்துகள் கார்த்திகை, மார்கழியில். வடகிழக்குப் பருவமழை அடித்து ஓய்ந்து, வானம் தெளிகிற நேரத்தில் அவையும் வந்து இறங்கும்.

இங்குள்ள குளங்கள் பறவைக்காக வெட்டியவை இல்லை, நெல்லுக்காக வெட்டியவை. அதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். நாஞ்சில் நாட்டில் நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து ஜூன் தொடங்கி பிப்ரவரி முடிய பாசனத்துக்குத் தண்ணி விடுவது வழக்கம். தோவாளைக் கால், ஆனந்தனார் கால், நாஞ்சில் புத்தனார் கால் வழியாக அது குளங்களுக்கும் வயல்களுக்கும் வந்து சேரும். கும்பப்பூ அறுவடை மாசி, பங்குனியில். இந்தக் கால்வாய்களில் தண்ணி வரத்து நின்றதும் குளம் இறங்க ஆரம்பிக்கும். ஆக, வாத்து எப்போது நிற்கும், உள்ளான் எப்போது இறங்கும் என்பதை இந்த ஊர் விவசாயியின் கையில் இருக்கிற நாள்காட்டியைப் பார்த்தே ஏறக்குறைய சொல்லிவிடலாம். பறவைப் புத்தகத்தில் அது இருக்காது.

ஒவ்வொரு பறவைக்கும் அதன் காலும் கழுத்தும் எவ்வளவு நீளமோ அவ்வளவு தண்ணிதான் தோது. நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான் மூன்றும் முங்கி மீன் பிடிப்பவை. அவற்றுக்கு ஆழம் வேண்டும். கூழைக்கடா முங்காது, நீந்திக்கொண்டே பையோடு கூடிய அலகால் மீனை அள்ளும், அதற்கும் விரிந்த தண்ணிப்பரப்பு வேண்டும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் தலையைக் கவிழ்த்து மேய்கிற ரகம். கழுத்து எட்டுகிற தூரம்தான் அவற்றின் சாப்பாட்டுத் தட்டு. ஊசிவாலுக்குக் கழுத்து நீளம் என்பதால் நீலச்சிறகியைவிடக் கொஞ்சம் ஆழத்திலும் சமாளிக்கும். நெடுங்கால் உள்ளானுக்கு முழங்கால் அளவு. கொசு உள்ளானுக்கு ஈரச் சேறு போதும், தண்ணியே வேண்டாம். குளம் நிறைந்து மறுகால் பாய்கிற நேரத்தில் போய் நின்றுகொண்டு "உள்ளானையே காணோம்" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

அதனால் எனக்கு ஒரு பழக்கம். நான் அடிக்கடி போகிற குளத்தில் படித்துறைப் படிகளை எண்ணுவேன். தண்ணிக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்பதைத்தான் நோட்டில் முதல் வரியாக எழுதுவேன், அப்புறம்தான் பறவை. படித்துறை இல்லாத குளத்தில் மடைக்கல்லில் பாசி படிந்த கோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ரெண்டு வருஷம் இப்படி எழுதிப் பார்த்தால் போதும். எத்தனை படி வெளியே வந்தால் நீலச்சிறகி கரையோரம் நெருங்கும், எத்தனை படியில் பொரி உள்ளான் வரும் என்று உங்களுக்கே பிடிபடும். யாரையும் கேட்க வேண்டாம்.

இந்தக் காரணத்தால்தான் பத்துக் குளத்துக்கு ஒரு நாளில் ஓடுவதைவிட ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது நல்லது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் போய்ச் சேருகிற குளமாக இருக்கட்டும். நான் நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து குளித்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி அனுப்பிவிட்டு வேலைக்கும் போகிறேன். ராம்சர் பட்டம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டம், வாங்கிய குளம்தான் வேண்டும் என்றில்லை. சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் ரெண்டும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. முன்னது 94 ஹெக்டேருக்குச் சற்று அதிகம், பின்னது 20 ஹெக்டேர்கூட இல்லை. சுசீந்திரம், தேரூர், மணக்குடியைச் சேர்த்து அதற்கு முன்பே, 2015-ல், தமிழக அரசு காப்பகமாக அறிவித்திருக்கிறது. எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் பறவை போர்டைப் பார்த்து இறங்குவதில்லை. பறக்கைப் பக்கமோ தாமரைக்குளம் பக்கமோ பெயர்ப்பலகை இல்லாத ஒரு பஞ்சாயத்துக் குளத்தில், அந்த வாரத் தண்ணி சரியாக இருந்தால், சுசீந்திரத்தைவிட நல்ல கூட்டம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மாவட்டத்தின் மேற்குப் பக்கம், விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில், தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே கிடக்கிற குளங்களில் இவ்வளவு நீர்ப்பறவை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே மீன்கொத்திக்கும் மரத்துப் பறவைகளுக்கும் போகலாம்.

குளத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர் தாமரை பறிக்கிற ஒரு அண்ணாச்சி. விடிவதற்கு முன்பே தெப்பத்தில் ஏறிக் குளத்துக்குள் போய்விடுவார். அவர் பறிக்கிற மொட்டு தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும். நோட்டும் பேனாவும் வைத்திருப்பதால் என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லியும் விடவில்லை.

"டீச்சரம்மா, இந்தப் பக்கம் நின்னு பிரயோசனம் இல்ல. நாங்க தெக்க இருந்து பறிச்சுக்கிட்டு வாறோம்லா, பறவை பூரா வடக்க ஒதுங்கிரும். வடக்குக் கரையில போய் நில்லுங்க. நாங்க வர வர அது உங்ககிட்ட வரும்."

அவர் சொன்ன மாதிரியே நடந்தது. அன்றிலிருந்து குளத்துக்குப் போனதும் முதலில் பார்ப்பது, ஆட்கள் எந்தப் பக்கம் வேலை செய்கிறார்கள் என்பதை. தாமரை பறிக்கிறவர்கள், வலை போடுகிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள் யாரையும் பறவைகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கொஞ்சம் ஒதுங்கும், அவ்வளவுதான். பழக்கமில்லாத ஆள் கரைமேல் நிமிர்ந்து நடந்து வந்தால்தான் எழும்பும். அதுவும் பின்னால் ஒரு நாய் வந்தால் குளமே காலி. ஆகவே கரையின் உச்சியில் நடக்காதீர்கள். வெளிச்சரிவில் நடந்து போய், ஒரு மரத்தடியிலோ புதர் ஓரத்திலோ ஏறி, உடனே உட்கார்ந்துவிடுங்கள். சுசீந்திரம் மாதிரி ரோட்டை ஒட்டிய குளத்தில் இது தலைகீழ். வண்டிச் சத்தத்துக்குப் பழகிய பறவைகள் ரோட்டோரத்தில் நிற்கிறவரைச் சட்டை செய்யாது. அங்கே பயப்பட வேண்டியது நாம்தான், பின்னால் வருகிற பஸ்ஸுக்கு. கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தபடி ஒரு அடிகூடப் பின்னால் எடுத்து வைக்கக் கூடாது.

வெளிச்சம். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்கணும். சாயங்காலம் மேற்குக் கரையில். கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். ஆனாலும் வண்டியை நிறுத்த வசதியான இடத்தில் நின்று, சூரியனை எதிரே வைத்துக்கொண்டு, எல்லாம் கருப்பாகத் தெரிகிறது என்று சொல்பவர்கள்தான் அதிகம். தை மாதத்தில் இங்கே ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் எழும். ஏழிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். ஒன்பதரைக்கு மேல் தண்ணிப்பரப்பில் கானல் ஆட ஆரம்பித்தால், எவ்வளவு விலையுள்ள கருவியும் பிரயோசனப்படாது.

காலையில் அந்த நல்ல நேரத்தில் வாத்துக் கூட்டம் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம். நீலச்சிறகிகள் ராத்திரியில் மேய்பவை. பகலில் நடுக்குளத்தில் அலகை முதுகில் சொருகிக்கொண்டு வரிசையாக மிதக்கும். இன்னொரு சிக்கல், வந்த புதிதில் ஆணும் பெண் மாதிரியே பழுப்பாக இருக்கும். இனப்பெருக்கத்துக்கான நிறம் ஊசிவாலுக்கு மார்கழி, தையில் வந்துவிடும்; நீலச்சிறகிக்கு இன்னும் தாமதம். அந்த ஆணின் கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை வளைந்து இறங்குகிற வெள்ளைப் புருவத்தைப் பார்க்கணும் என்றால் மாசிக்குக் காத்திருங்கள். கார்த்திகையில் அதைத் தேடாதீர்கள்.

தூங்குகிற கூட்டத்தில் எது எது என்று பிரிக்க எனக்குப் பிடித்த வழி, சேற்றுப் பூனைப்பருந்துக்காகக் காத்திருப்பது. அதுவும் வடக்கேயிருந்து வருகிற பறவைதான். சம்பம்புல்லுக்கு மேலே இறக்கைகளை V வடிவத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாழப் பறந்து வரும். அது வந்ததும் குளம் முழுக்க எழும்பும். அந்த அரை நிமிஷத்தில் பறவையை மொத்தமாகப் பார்க்காமல் இறக்கையின் முன்பாதியை மட்டும் பாருங்கள். வெளிறிய நீலச்சாம்பல் தெரிந்தால் நீலச்சிறகி ஆண். இன்னும் அழுத்தமான நீலமும், உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகும் இருந்தால் தட்டைவாயன். மெலிந்த நீளக் கழுத்து, கூர்ந்த வால் என்றால் ஊசிவால். இறக்கை அகலமாக, ஒரே கரும்பழுப்பாக, சீட்டியடித்துக்கொண்டு போனால் அது சீழ்க்கைச் சிறகி. வெளியூர்க்காரன் இல்லை, நம்மூர் வாத்து.

வெளியூர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் பத்திரிகையில் "வெளிநாட்டுப் பறவைகள் வருகை" என்று தலைப்புப் போட்டு, கீழே கூழைக்கடா படத்தையோ சங்குவளை நாரை படத்தையோ வைத்துவிடுகிறார்கள். டீக்கடையில் அது "ஆஸ்திரேலியா பறவை" ஆகிவிடுகிறது. கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் தென்னிந்தியாவிலேயே கூடு கட்டுபவை. பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் போய்ப் பார்த்தால் ஊருக்குள் மரத்துக்கு மரம் கூடு. உண்மையிலேயே தூரதேசத்திலிருந்து வருகிறவை பெரும்பாலும் சின்ன, நிறமில்லாத, யாரும் படம் எடுக்காத பறவைகள். கொசு உள்ளான் முப்பது கிராம்கூடத் தேறாது. ஆர்க்டிக் பகுதியில் முட்டையிடுகிற அது, மணக்குடிப் பக்கத்துப் புத்தளம் உப்பளத்தில் ஒரு வரப்போரம் ஓடி ஓடிச் சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கும். அதைக் காட்டி "இதுதான் வெளிநாடு" என்றால் யாரும் நம்புவதில்லை.

இந்தச் சின்ன உள்ளான்களைப் பிரிப்பதுதான் கஷ்டம். ஆனால் ருசியும் அதில்தான். நிறத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். கால், அலகு, பறக்கும்போது தெரிகிற வெள்ளை, இந்த மூன்றையும் பாருங்கள். பச்சைக்காலிக்கு அலகு தடித்து, நுனியில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அதன் பக்கத்தில் அதே சாயலில், கொஞ்சம் சிறியதாக, ஊசி மாதிரி நேரான மெல்லிய அலகோடு நின்றால் சதுப்பு உள்ளான். பவளக்காலி பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகலமாக வெள்ளை தெரியும். பொரி உள்ளான் எழும்பும்போது இறக்கையின் அடிப்பக்கம் வெளிறித் தெரியும். கருத்துத் தெரிந்தால் அது பச்சை உள்ளான். கொசு உள்ளானுக்குக் கால் கருப்பு. அதே அளவில் மஞ்சள்பச்சைக் காலோடு, பதுங்கிப் பதுங்கி மேய்ந்தால் டெம்மின்க் உள்ளான். ஒரு காலையில் இதில் ஒன்றே ஒன்றை உறுதி செய்தாலும் போதும். எல்லாவற்றுக்கும் அன்றைக்கே பெயர் வைக்கணும் என்று வருபவர்கள், அடுத்த வருஷம் வருவதில்லை.

குளத்தில் ஆம்பலும் தாமரையும் படர்ந்திருந்தால் இலைக்கோழியைத் தேடுங்கள். நீளவால் இலைக்கோழியின் படத்தை போனில் வைத்துக்கொண்டு, கருப்பு வாலைத் தேடி, காணோம் என்று போய்விடுகிறார்கள். குளிர்காலத்தில் அதற்கு அந்த வால் கிடையாது. முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை, கழுத்தோரம் மங்கிய மஞ்சள், நெஞ்சில் கருப்பாக ஒரு மாலை. அப்படி ஒன்று அண்மையில் இருந்தால் அவசரப்படாமல் பாதத்தைப் பாருங்கள். விரல்கள் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் இருக்கும். ஒரு இலையில் கால் வைத்ததும் இலை அமுங்கி, ஓரத்தில் தண்ணி ஏறும். அது முழுக்க முங்குமுன் அடுத்த காலை அடுத்த இலையில் வைத்துவிடும். நடுவில் குனிந்து, ஒரு இலையின் ஓரத்தை அலகால் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கிற பூச்சியைக் கொத்தும்.

தாமரையும் ஆம்பலும் இருப்பது வேறு, ஆகாயத்தாமரை மூடுவது வேறு. பச்சையாக மூடிய குளத்தில் நீலத் தாழைக்கோழி பெருகும், மடையானும் கொக்கும் அதன் மேலேயே நடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பறவை நிறைய இருக்கிற மாதிரி இருக்கும். வாத்துக்கும் முக்குளிப்பானுக்கும் நாமக்கோழிக்கும் திறந்த தண்ணி வேண்டும், அவை போய்விடும். தண்ணி அளவைக் குறிக்கிற அதே வரியில் குளத்தில் எத்தனையில் ஒரு பங்கு மூடியிருக்கிறது என்றும் எழுதி வையுங்கள்.

குளம் ரொம்ப நிறைந்திருக்கிற வாரத்தில் நான் வயலுக்குப் போவேன். கும்பப்பூவுக்குத் தொளி அடிக்கிற நாட்களில், டிராக்டருக்குப் பின்னால் கொக்கும் உண்ணிக்கொக்கும் நத்தைகுத்தியும் கருப்பு அரிவாள்மூக்கனும் வரிசை கட்டும். நத்தைகுத்தியின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். வயல்நத்தையின் உடம்பை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கிற வேலைக்கான அலகு அது. நாற்று நட்டு வளர்ந்த பிறகு வயலில் ஒன்றும் தெரியாது. அறுவடை முடிந்ததும் மறுபடி திறக்கும். அப்போது ஈரமான தாளடியில் விசிறிவால் உள்ளான் பதுங்கியிருக்கும், கால் மிதிக்கிற தூரம் வரை அசையாமல் இருந்துவிட்டு, கீச்சென்று வளைந்து வளைந்து பறக்கும். வரப்பில் நடக்கிறபோது விளைந்த நெல்லை மிதிக்காதீர்கள். வயல்காரர் நின்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். கண்ணாடி விரியன் எலிக்காக வயலோரம் வரும். செருப்பு வேண்டாம், மூடின ஷூ.

பழையாறு கடலில் சேருகிற மணக்குடியில் கணக்கு வேறு. அங்கே தண்ணியின் அளவைத் தீர்மானிப்பது பொழி, அதாவது ஆறு கடலில் விழுகிற வாய். மணல் சேர்ந்து பொழி அடைந்திருந்தால் காயல் நிறைந்து கிடக்கும். ஆலாவும் நீர்க்காகமும்தான் அதிகம். பொழி திறந்து தண்ணி வடிந்தால் சேற்றுத்திட்டு வெளியே வரும். அடுத்த காலையிலேயே உப்புக்கொத்திகளும் மூக்கன்களும் இறங்கியிருக்கும். மீன்பிடிக்கிறவர்களிடம் "பொழி உடைஞ்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலத்தை 2004 சுனாமி தூக்கி எறிந்தது இந்த இடத்தில்தான். இப்போது இருப்பது அதன்பின் கட்டியது. காயலோரத்து அலையாத்திச் செடிகளில் கொக்குகள் அடையும், மேலே செம்பருந்து சுற்றும், அதிர்ஷ்டம் இருந்தால் விராலடிப்பான் காலை முன்னே நீட்டிக்கொண்டு தண்ணியில் விழுவதைப் பார்க்கலாம்.

பக்கத்து உப்பளங்கள் மழைக்காலத்தில் வெறும் நல்லதண்ணிக் குட்டைகள். உப்பு வேலை தொடங்கி, தண்ணியை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட ஆரம்பித்ததும், ஒவ்வொரு பாத்தியிலும் ஒவ்வொரு ஆழம். ஒரே இடத்தில் நின்றுகொண்டு, நெடுங்கால் உள்ளான் எந்தப் பாத்தியில், பவளக்காலி எதில், கொசு உள்ளான் எதில் என்று பார்க்கலாம். நான் மேலே சொன்ன ஆழக் கணக்கை யாருக்காவது விளக்கணும் என்றால் அங்கேதான் கூட்டிப்போவேன். குளங்கள் வற்றிய பங்குனி, சித்திரையிலும் அங்கே பறவை நிற்கும். மீசை ஆலாக்கள் வெள்ளைத் தலையும் கண்ணோரக் கருப்புமாக இருந்தது மாறி, வயிறு கருத்து, தலையில் கருப்புத் தொப்பி வைத்துக்கொள்வதும் அப்போதுதான். உப்பளம் தனியார் இடம், காவலாளியிடம் சொல்லாமல் நுழையாதீர்கள். உப்பு வாரிக் குவித்திருக்கிற வரப்பில் ஷூவோடு நடந்தால் திட்டு நிச்சயம், அது நியாயமும்கூட.

கருவி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 8x42 தொலைநோக்கி ஒன்று போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். 20 மடங்கு, 30 மடங்கு என்று சொல்லி விற்பதை வாங்காதீர்கள். கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், வெளிச்சம் குறையும், பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் பையிலேயே வைத்துப் பூட்டாமல், மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மணக்குடிக்குப் போய் வந்தால் உப்புக்காற்று பட்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். கேமரா பிறகு. முதல் வருஷமே பெரிய லென்ஸ் வாங்கினவர்கள் பறவையைப் பார்ப்பதைவிட்டுத் துரத்துவதைத்தான் பார்க்கிறேன். போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவதும், படத்துக்காகக் கல்லெறிந்து எழுப்புவதும் வேண்டவே வேண்டாம். அவை சும்மா நிற்கிற மாதிரி தெரிந்தாலும், திரும்பிப் போகிற பயணத்துக்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன.

பெண்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. குளத்தங்கரையில் ஒரு பொம்பளை ஒத்தையில் தொலைநோக்கியோடு நின்றால் நாலு பேர் வந்து கேட்கத்தான் செய்வார்கள். முகத்தைத் திருப்பாமல் தொலைநோக்கியைக் கையில் கொடுத்துவிடுவேன். "அடேயப்பா, கண்ணு செவப்பால்லா இருக்கு!" என்று நாமக்கோழியைப் பார்த்துச் சொன்ன பாட்டி, அடுத்த நாளிலிருந்து எனக்குக் காவல். பக்கத்து டீக்கடையில் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். வண்டியைக் கடை முன்னால் விடுங்கள். காலைதான் நல்லது. சாயங்காலம் சில கரைகளில் குடிக்கிற கூட்டம் சேரும், உடைந்த பாட்டில் கிடக்கும்; வாத்துகள் மேயக் கிளம்புவதைப் பார்க்கணும் என்றால் ரோட்டோரத்திலிருந்து, துணையோடு பாருங்கள். கழிப்பறை எங்கும் இல்லை. அதைக் கணக்குப் பண்ணித்தான் கிளம்பணும், வேறு வழியில்லை.

எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஒரு காலையில் ஒரு குளத்தைப் பார்த்துவிட்டு "இந்த வருஷம் பறவை குறைஞ்சு போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். நல்ல மழை பெய்த வருஷத்தில் எல்லாக் குளத்திலும் தண்ணி, வயல் முழுக்கத் தண்ணி; பறவை நாலா பக்கமும் சிதறும், சுசீந்திரத்தில் குறைவாகத்தான் தெரியும். மழை பொய்த்த வருஷத்தில் தண்ணி கிடக்கிற ரெண்டு மூன்று குளத்தில் மாவட்டத்துப் பறவை பூராவும் வந்து அடையும். பார்க்கிறவர் "இந்த வருஷம் அமோகம்" என்பார். ரெண்டுமே தப்பு. இப்படிச் சொல்வதால் குறைவு இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளத்தோரம் மண் போட்டு மேடாக்கியதையும், கோழிக் கழிவை மூட்டை கட்டிக் கரையில் எறிவதையும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதைப் பற்றி அதிகாரிகளிடம் பேசப் போகிறபோதுதான், ஒரே குளத்தில் பல வருஷம் தண்ணி அளவோடு சேர்த்து எழுதிய கணக்கு கையில் இருக்கணும். இல்லாவிட்டால் "மழை சரியில்லம்மா" என்ற ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள்.

எண்ணுவது அப்படியொன்றும் கஷ்டம் இல்லை. கூட்டத்தின் ஒரு ஓரத்தில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதே அளவை நகர்த்தி நகர்த்தி மொத்தத்தை எடுங்கள். பெரிய கூட்டம் என்றால் ஐம்பதை அளவாக வையுங்கள். வலமிருந்து இடம் ஒரு தடவை, இடமிருந்து வலம் ஒரு தடவை. ரெண்டும் ரொம்ப விலகினால் மூன்றாவது. பெயர் உறுதியில்லாததை "வாத்து, வகை தெரியவில்லை" என்றே எழுதுங்கள். பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிகிற ஈபேர்ட் செயலியிலும் அப்படிப் பதிய இடம் உண்டு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம், எத்தனை நேரம் நின்றோம் என்பதையும் அதில் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பட்டியலை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியாது.

பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவை ஆர்வலர்கள் நடத்துகிற கணக்கெடுப்பு இருக்கிறது. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-லிருந்து நடக்கிறது. வனத்துறையும் ஈரநிலக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது; பழகியவர் ஒருவரோடு புதியவர்களையும் போடுவார்கள். ஆகவே பெயர் எல்லாம் தெரிந்த பிறகு போகலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். எழுதுவதற்கு ஒரு ஆள், எண்ணுவதற்கு ஒரு ஆள் எப்போதும் தேவைப்படும். தொப்பி, தண்ணி பாட்டில், அவித்த கிழங்கோ வாழைப்பழமோ எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். படித்துறையில் எத்தனை படி தெரிகிறது என்பதை மட்டும் நீங்கள் வருவதற்குள் நான் எழுதி வைத்திருப்பேன்.